வயது பார்க்கும் மேசையில் நான் மறுத்தவை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். உற்சாகம் என்னிடம் அவ்வளவாக இல்லை. சண்டை போட்ட கதைதான் இருக்கிறது. அதை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அவர்கள் உங்களுக்குக் கொடுக்காமல் விடட்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அரசாங்கப் பதிவுக் கந்தோர் ஒன்றில் பிறப்பும் இறப்பும் எழுதும் இலிகிதராக இருபத்திரண்டு வருடம் இருந்தேன். முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரிகள் கூடி நிற்கும் தெருவில், ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்த நம் நிறுவனத்தில் சேர்ந்தேன். வேலையை உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். ஏதோ ஓர் இணையச் செயலியில் ஒருவர் கணக்குத் திறக்கிறார். அவருக்கு உண்மையில் என்ன வயது என்று அந்தச் செயலிக்காரர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். இயந்திரம் முகத்தைப் பார்த்து ஒரு வயதைச் சொல்லும். அதற்குச் சந்தேகம் வந்தால் மனிதக் கண் பார்க்க வேண்டும். தமிழ் ஆட்களின் பத்திரங்கள் என் மேசைக்கு வரும்.

முதல் நாள் எனக்குத் தந்த குறிப்பில், தோட்டப்புற ஆவணங்களைக் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்கவும் என்று ஒரு வரி இருந்தது. பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டினேன். முகாமையாளர் ஜயந்த சேர் ஏன் என்று கேட்டார். அவர் சிங்களத்தில்தான் பேசுவார், நானும் சிங்களத்தில்தான் பதில் சொல்வேன். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"தோட்டத்துப் பிள்ளை பிறந்ததைத் தோட்டத்திலிருந்து எழுதி அனுப்புவாங்க. அதைப் பார்த்துப் பதிஞ்சது நாங்க. பேரைத் தமிழ்ல ஒரு மாதிரியும் சிங்களத்தில இன்னொரு மாதிரியும் எழுதினது என்னை மாதிரி ஆளுங்க. சந்தேகப்படணும்னா என்னைச் சந்தேகப்படுங்க, அந்தப் பிள்ளைகளை ஏன்?"

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். முதல் நாளே வென்றுவிட்ட மிதப்பு எனக்கு. அந்த மிதப்போடுதான் என் பெரிய தவறைச் செய்தேன்.

வரக்காப்பொலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பாக்கியம் என்று ஒரு பெண். இந்தக் கட்டுரையில் வரும் வெளியாட்களின் பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். இந்தத் தொழிலில் அது கைப்பழக்கமாகிவிட்டது. அவருடைய மகளுக்குப் பதினைந்து வயது. மனக்கஷ்டத்தில் இருக்கும் இளம்பிள்ளைகள் ஓர் ஆலோசகரோடு எழுதிப் பேசுவதற்கென்று ஒரு செயலி இருந்தது. அதில் அந்தப் பிள்ளை கணக்குத் திறந்திருந்தாள். வயதை மறைக்கவில்லை. அந்த வயதுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று வந்தபோது தாயிடம் சொல்லி, தாயும் சம்மதித்து, தன் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

அட்டையில் தாயின் பெயர் பாக்கியம். மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் பாக்கியலெட்சுமி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை பெயரை நானே அப்படி வெட்டியும் ஒட்டியும் எழுதியிருக்கிறேன்! ஆனால் கந்தோர்ப் பழக்கம் கையை விடவில்லை. இருவரும் ஒருவரே என்று தோட்ட அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கி அனுப்பவும் என்று தட்டி அனுப்பிவிட்டேன். எனக்கு அது ஒரு நிமிட வேலை.

பாக்கியம் அன்று றப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தோட்ட அலுவலகத்தில் போய் நின்றிருக்கிறார். பெரிய கிளாக்கர் எதற்குக் கடிதம் என்று கேட்டிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. மகளுக்கு மனசு சரியில்லை, போனில் ஒருவரோடு பேசுவதற்கு என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அன்று மாலைக்குள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த வாரமே பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து எனக்குப் போன் வந்தது.

"மிஸ், அந்தக் கணக்க மூடிருங்க. புள்ள வேணாங்குது."

"ஏன்? கடிதம் வந்திருச்சே. எல்லாம் சரியாயிருச்சு."

"உங்களுக்குச் சரியாயிருச்சு மிஸ். புள்ள ஸ்கூலுக்குப் போயி எட்டு நாளாச்சு. பைத்தியம்னு கூப்புடுறாங்களாம்." பிறகு கோபமில்லாத குரலில் கேட்டார்: "நீங்க கேட்டீங்க, நான் குடுத்தேன். அந்தக் கடுதாசிய நான் யார்கிட்டப் போயி நின்னு கேக்கணும்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. அதைத்தான் அவரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் "சரிங்க மிஸ்" என்று வைத்துவிட்டார். பிள்ளை ஒரு மாதத்துக்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பினாள் என்று பின்னால் அறிந்தேன். அந்தக் கணக்கை அவள் மறுபடி திறக்கவே இல்லை. அவளுடைய மனக்கஷ்டம் என்ன என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் அந்த ஆலோசகர். அந்தக் கதவை ஒரு கடிதத்தைக் கேட்டு நான் அடைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஜயந்த சேரோடு நாலு மாதம் மல்லுக்கட்டினேன். வயது தெளிவாகத் தெரிந்துவிட்டால் இன்னொரு கடதாசி கேட்கக் கூடாது என்றேன். அதற்கு உடனே ஒத்துக்கொண்டார். படங்கள்தான் சிக்கல். அந்த நாளில் நாங்கள் பார்த்த முகப்படங்களையும் அட்டைகளையும் ஒரு வருடம் வைத்திருந்தோம், வாடிக்கையாளர் எப்போதாவது கேட்டால் கொடுப்பதற்கு. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, தேவைக்கு மேல் வாங்காதே, தேவை முடிந்தால் வைத்திருக்காதே என்பதுதான் அதன் சாரம், இது எதற்கு ஒரு வருடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். பார்த்து முடிந்த படம் நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் தானாக அழியும். வயது சரியா, இல்லையா என்ற பதில் மட்டும் மிஞ்சும். இன்றைக்கு நீங்கள் கும்பிடு போட்டு மனப்பாடம் செய்யும் அந்த விதி இப்படித்தான் வந்தது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

நேரலைக் காணொளிச் செயலி ஒன்று எங்கள் வாடிக்கையாளர். அதில் பெண்கள் கமராவுக்கு முன்னால் இருந்து பேசுவார்கள், பாடுவார்கள். பார்க்கிறவர்கள் பரிசு அனுப்புவார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே ஆள் சேர்க்கக் கூடாது. ஆட்களைச் சேர்த்துக் கொடுப்பதற்கு ஊர் ஊராக முகவர்கள் உண்டு. காலை ஒன்பது மணி போல ஒரே முகவரின் பெயரில் ஏழு விண்ணப்பங்கள் வந்தன. ஏழும் கஹவத்தைப் பக்கத் தோட்ட முகவரிகள். ஏழு அடையாள அட்டையும் அசல். எழுத்தில், எண்ணில் ஒரு பிழை இல்லை. இயந்திரம் எல்லோருக்கும் இருபதை ஒட்டி வயது சொல்லியிருந்தது. ஒன்றில் மட்டும் தயங்கியிருந்தது, அதனால்தான் என் மேசைக்கு வந்தது.

அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு மற்ற ஆறையும் திறந்தேன். ஏழு பெண்களுக்குப் பின்னாலும் ஒரே நீலத் திரைச்சீலை. ஏழு முகத்திலும் ஒரே கை பூசிய மாதிரிப் பூச்சு. அட்டையில் இருந்த முகமும் கமராவில் இருந்த முகமும் சாயலில் ஒத்துப்போயின. ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒத்துப்போகிற மாதிரி.

இயந்திரம் தயங்கிய பெண்ணின் அட்டையில் பெயர் சுகந்தி, வயது இருபத்தேழு. கமராவில் இருந்தவள் தலைமுடியை விரித்துப் போட்டிருந்தாள். முடி இரண்டு பக்கமும் நெளிநெளியாக இருந்தது. இரட்டைப் பின்னலை அப்போதுதான் அவிழ்த்தால் அப்படி இருக்கும். படமல்ல, உயிருள்ள ஆள்தான் என்று காட்டுவதற்குக் கையை முகத்துக்கு முன்னால் அசைக்கச் சொல்வோமே, அவளும் அசைத்தாள். உள்ளங்கையில் நீலப் பேனாவால் எழுதியிருந்தது. காணொளியை நிறுத்தி, பெரிதாக்கி வாசித்தேன். 'வியாழன் விஞ்ஞானம்.'

பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சைக் காலம் அது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? முடியும் பேனா மையும் ஆதாரம் அல்ல. இருபத்தேழு வயதுப் பெண்ணும் பின்னல் போடலாம், ஏதாவது ஒரு சோதனைக்குப் படிக்கலாம். பிறப்புச் சான்றிதழ் கேட்கலாமா? கேட்டால் அக்காவின் சான்றிதழ் வரும். அந்த முகவருக்கு இன்னொரு பத்திரமும் கையில் கிடைத்துவிடும். ஒரு கடதாசியும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். எங்களுக்கு அனுமதி இருந்தது ஒரு சின்ன நேரடிக் காணொளி அழைப்புக்கு. எடுத்தேன்.

அவள் பயந்து போய் உட்கார்ந்திருந்தாள். சிங்களத்தில் கேள்வி வரும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல. நான் எங்கள் தோட்டத்துப் பேச்சில் ஆரம்பித்தேன்.

"சாப்ட்டீங்களா?"

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "ரொட்டி சாப்ட்டேன் மிஸ்."

"என்ன வருஷம் பொறந்தீங்க?"

அட்டையில் இருந்த வருடத்தை ஒப்புவித்தாள். மாதம், திகதி எல்லாம் சரி. பக்கத்து வீட்டுக்காரி விசாரிக்கிற மாதிரி சாதாரணமாக அடுத்ததைக் கேட்டேன்.

"இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?"

"லீவு போட்டுட்டேன் மிஸ்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். திரைக்கு வெளியே ஓர் ஆணின் குரல், "கட் பண்ணு, கட் பண்ணு!" என்றது. அழைப்பு அறுந்தது.

அப்படி ஒரு பிள்ளையை ஏமாற்றிக் கேட்டதில் எனக்குப் பெருமை இல்லை. ஆனால் இன்றைக்கும் அதைத்தான் கேட்பேன்.

ஏழையும் நிராகரித்தேன். அரை மணித்தியாலத்துக்குள் முகவர் எனக்குப் போன் எடுத்தார். பேச்சு நல்ல மரியாதையாகத்தான் ஆரம்பித்தது.

"மிஸ், நீங்களும் நம்ம ஆளுதானாம். நம்ம புள்ளைங்க ஒரு நல்ல நெலமைக்கு வாறதுக்கு நீங்களே குறுக்க நிக்கிறீங்களே."

"நம்ம புள்ளைங்க பரீட்ச எழுதட்டும். அந்த ஏழு கார்டும் யாருது? அது உங்க கையில எப்படி வந்துச்சு?"

மரியாதை அதோடு முடிந்தது. "அத விசாரிக்க நீங்க பொலிசா? டேட்டா ப்ரொடெக்‌ஷன் சட்டம் தெரியும்ல? அந்தப் புள்ளைங்க பேரு, படம், அட்ரஸ், ஒண்ணு வெளிய போனாலும் உங்க மேல வழக்குப் போடுவேன். நீங்க இல்லன்னா வேற கம்பெனி. நாளைக்கே அங்க பாஸாகும். இருந்து பாருங்க."

வைத்துவிட்டார். பிள்ளைகளைக் காக்க வந்த ஒரு சட்டத்தைப் பிள்ளை பிடிக்கிறவன் எனக்கு ஓதுகிறான்!

ஜயந்த சேரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டார், ஏழு படத்தையும் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, முகம் கறுத்துப் போனது. ஆனால் சொன்னது இது:

"நிராகரிச்சிட்டீங்க. நம்ம வேலை முடிஞ்சுது. வியாழக்கிழமை காலையில படம் எல்லாம் அழிஞ்சிடும். அதோட விடுங்க."

"சேர், அந்தப் பிள்ளைகள் இப்ப ஒரு அறைக்குள்ள இருக்காங்க. நாளைக்கு வேற ஒரு கம்பெனியில பாஸாகப் போறாங்க."

"நம்ம பார்த்ததை வெளியில சொல்லக் கூடாது. அதுதான் சட்டம். அழிக்கணும்னு நாலு மாசம் என் உயிரை எடுத்தது நீங்கதான். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. பாக்கியத்துக்குப் பட்ட கடனுக்காக நான் கொண்டுவந்த விதி, இப்போது அந்த முகவரின் தடயத்தைத் துடைக்கப் போகிறது. உங்களில் சிலர் விதி என்றால் விதிதான் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அந்த மதியம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் வைத்துவிட்டுச் சட்டத்தைத் தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம் வாசித்தேன். ஒருவருடைய உயிருக்கோ உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும் அவசரத்தில் தரவைப் பயன்படுத்த அதில் இடம் இருக்கிறது. தேவையான அளவுக்கு மட்டும். வாயை மூடிக்கொண்டிரு என்று எந்த மூலையிலும் இல்லை. வாசிக்காதவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

கணினியில் அந்த ஏழு பதிவுகளுக்கு மட்டும் அழிப்பதை நிறுத்தி வைத்தேன். மற்றவை வழக்கம் போல அழியட்டும். ஏன் நிறுத்தினேன், எத்தனை மணிக்கு, எதுவரைக்கும் என்று பதிவேட்டில் எழுதினேன். அதை ஜயந்த சேரிடம் காட்டினேன்.

"இதுல கம்பெனி பேர் வேணாம்," என்றார். "உங்க பேர்ல எழுதுங்க."

"என் பேர்லதான் எழுதியிருக்கேன் சேர். வாசிச்சுப் பாருங்க."

பிறகு கஹவத்தைப் பிரதேச செயலகத்தில் சிறுவர் பொறுப்பில் இருந்த உத்தியோகத்தருக்குப் போன் எடுத்தேன். சந்தமாலி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வயதில் பாதி இருக்கும், கெட்டிக்காரி. பாதி சொல்வதற்குள் விளங்கிக்கொண்டார்.

"படங்களை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க மிஸ், இப்பவே."

"அனுப்ப மாட்டேன்."

அவர் திகைத்துவிட்டார். "நீங்கதானே முறைப்பாடு செய்றீங்க?"

"முறைப்பாடு செய்றேன். படம் தர மாட்டேன். அந்தப் படத்தை நீங்க பொலிசுக்கு அனுப்புவீங்க, பொலிஸ் கிராம சேவகருக்கு அனுப்புவார், அவர் தோட்டத்துக்கு அனுப்புவார். பொழுது சாயும்போது ஒவ்வொரு போன்லயும் அந்தப் பிள்ளை முகம் இருக்கும். லிப்ஸ்டிக் பூசின முகம்."

"முகம் தெரியாம எப்படித் தேடுறது?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. எங்கள் கையில் அந்தப் பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் அக்காமாரின் பெயர்கள். அவர்கள் வளர்ந்தவர்கள். அவர்களுடைய அட்டையை யாரோ தவறாகப் பாவித்திருக்கிறார்கள், அது உண்மையும்கூட. "அட்டைக்காரிகளைத் தேடுங்க. தொலைஞ்ச அட்டை விஷயமா வந்தோம்னு சொல்லுங்க. அதுல யாருக்கும் வெட்கம் இல்லை. தங்கச்சி யாருன்னு அக்கா சொல்வா."

அவர் யோசித்தார். "சரி. எழுத்தில கேட்டா அந்தப் பேரும் முகவரியும் தருவீங்களா?"

"கையிலயே கொண்டு வந்து தாறேன்."

இரண்டரை மணி பஸ்ஸில் ஏறினேன். நல்ல மழை. பெல்மதுளையில் வண்டி அரை மணித்தியாலம் நின்றுவிட்டது. செயலகம் மூடிவிடுமோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மற்ற மேசைகள் காலி. சந்தமாலி மட்டும் காத்திருந்தார். கோரிக்கைக் கடிதத்தைக் கையால் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். நான் ஒட்டிய உறையைக் கொடுத்தேன். உள்ளே ஏழு பெயர், ஏழு முகவரி, நீலத் திரைச்சீலை போட்ட அறை, முகவரின் தொலைபேசி எண், நான் கேட்ட கேள்வியும் வந்த பதிலும். அவ்வளவுதான். அந்த அறையைக் கண்டுபிடிக்க அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் காலை அவரும் சாதாரண உடுப்பில் ஒரு பெண் பொலிசும் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் சுகந்தியைச் சந்தித்திருக்கிறார்கள். சிம் வாங்க வேண்டும் என்று தங்கை அட்டையை வாங்கிப் போனதாக அவள் சொல்லியிருக்கிறாள். பரீட்சைக்கு மேலதிக வகுப்பு என்று இரண்டு நாளாகக் கஹவத்தை டவுனுக்கு வேறு போகிறாள். சுகந்தி தொழிற்சாலை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவர்களோடு வண்டியில் ஏறியிருக்கிறாள். வகுப்பு என்று தங்கை சொல்லியிருந்த இடம், டவுனில் ஒரு கடைக்கு மேல் அறை. உள்ளே சுகந்தியின் தங்கையோடு ஆறு பிள்ளைகள், வேறொரு நிறுவனத்தின் சோதனைக்கு முகம் பூசிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஏழாவது பிள்ளை அன்று பயந்து வீட்டிலேயே நின்றுவிட்டாள். மூத்தவளுக்குப் பதினாறு. சின்னவளுக்குப் பதின்மூன்று.

முகவர் பின்பக்கத்தால் ஓடிவிட்டார். பிறகு பிடிபட்டார். வழக்கு நடக்கிறது, அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பெண் எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தாள். சுகந்தி. நன்றி சொல்ல வந்தவள் மாதிரித் தெரியவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க தங்கச்சி படம் உங்ககிட்ட இருக்காம். யார் யார் பாத்தீங்க?"

இந்தக் கேள்வியை உங்களிடமும் ஒருநாள் யாராவது கேட்பார்கள். அப்போது யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். நான் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நான் பாத்தேன். ஜயந்த சேர் பாத்தார். வழக்குக்காக நீதிமன்றக் கட்டளையோட வந்த உத்தியோகத்தர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார், இந்தா அவர் கையெழுத்து. வேற யாரும் இல்ல. எங்ககிட்ட இருந்ததை அன்னைக்கே அழிச்சிட்டோம்."

மூன்று வரியையும் விரல் வைத்து வாசித்தாள். பிறகுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"லயத்துல யாருக்கும் தெரியாது மிஸ். கார்டு தொலஞ்ச கேஸ்னுதான் நெனைக்கிறாங்க. அம்மாவுக்கு மட்டும் சொன்னேன்."

"நல்லது. அப்பிடியே இருக்கட்டும்."

"அவ விஞ்ஞானம் எழுதினா," என்றாள். "நாந்தான் கூட்டிட்டுப் போயி வாசல்ல நின்னேன்." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும்.

நாங்கள் சும்மா தப்பவில்லை. அந்தச் செயலிக்காரர்கள் எங்களோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன், நிறுவனத்தின் விதியை மீறினேன், தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறாக நடந்தேன் என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஏழு நாளுக்குள் விளக்கம் எழுத வேண்டும், வருத்தமும் தெரிவிக்க வேண்டும். ஜயந்த சேர் கடிதத்தைக் கையில் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க. மேல இருக்கிறவங்களுக்காக. நானும் உங்களைக் காப்பாத்தணும்ல."

"என்னைக் காப்பாத்த வேணாம் சேர். அடுத்த தரம் பிள்ளைகளைக் காப்பாத்துங்க. போதும்."

ஏழு நாள் எடுக்கவில்லை. அன்று மாலையே எழுதினேன். நடந்ததை நேரத்தோடு எழுதினேன். வருத்தம் தெரிவிக்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் வரக்காப்பொலைப் பக்கம் பால் வெட்டுகிறார், அவரிடம் நேரில் போய்த் தெரிவித்துவிட்டேன் என்று எழுதினேன். உண்மைதான், அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பாக்கியம் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

கடைசியில் நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்டேன். சட்டம் இந்த மேசையில் இருக்கிறது, மூன்று மொழியிலும் வாசித்துவிட்டேன், நான் மீறியது எந்தப் பிரிவை, எந்த வரியை என்று குறிப்பிட்டு எழுதுங்கள், படித்துவிட்டு அதே நாளில் வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பதில் வரவில்லை. இன்னும் மூன்று வருடம் அதே மேசையில் இருந்தேன், பதில் வரவில்லை. போன மாதம் கேக் வெட்டி எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். அப்போதும் வரவில்லை. இனிமேலாவது வந்தால் எனக்கு ஒரு போன் எடுங்கள். கஹவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உங்கள் எல்லோருக்கும் முன்னால் நானே சத்தமாக வாசிக்கிறேன்.